ஃபயர் பாய் வீடு

"ஃபயர் பாய் வீடு இதானுங்களா?"

பின்வாசலில் குரல் கேட்டு ரபியா நிமிர்ந்தாள். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் சிறு சாக்கு மூட்டையும் கையில் மூன்று வயதுப் பெண்பிள்ளையுமாக ஒருத்தி நின்றிருந்தாள். பூண்டு விளையும் பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்தவள் என்பதை மூட்டையிலிருந்து வந்த பூண்டு வாசனையே சொன்னது.

"ஆமா. நீங்க யாரு?"

"குப்பம்மான்னு சொல்லுங்க, அவுகளுக்குத் தெரியும். வருசா வருசம் பூண்டு எடுத்தா மொத மூட்டை பாய்க்குத்தான். எப்பவும் எங்க வீட்டுக்காரரு சந்தையில வச்சுக் குடுத்துருவாரு. இந்தத் தடவ அவருக்கு வேற சோலி. அதான் நானே வந்தேன். இருக்காகளா?"

முன்பக்கம் ரபியாவின் கணவன் நசுருதீனும் கடைத்தெரு ஆட்களும் நெய்ச்சோற்றுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரவிறகின் புகை சந்து வழியாகப் பின்வாசல்வரை வந்தது.

"அத்தா தவறிப்போயி இன்னியோட நாப்பது நாளு," என்றாள் ரபியா.

குப்பம்மாள் மூட்டையை இறக்கவில்லை. தலைச்சுமையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைதான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எறக்கும்மா, எறக்கு" என்று சேலையைப் பிடித்து இழுத்தது.

ரபியாவின் அத்தா முத்து முகம்மது திண்டுக்கல் தீயணைப்பு நிலையத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ரபியாவுக்கு அவரைப் பற்றிய முதல் ஞாபகமே அவர் எழுந்து ஓடுவதுதான். நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். மணி அடித்தால் பிசைந்த சோறு தட்டிலேயே கிடக்கும். பெருநாள் தொழுகை முடிந்து புதுச்சட்டையோடு ஓடியிருக்கிறார். ஒரே மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர், பாதித் தெருவில் இறக்கி விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். சிறு வயதில் அதெல்லாம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிவப்பு வண்டி போகும் சத்தம் கேட்டால் "எங்க அத்தா" என்று எழுந்து நிற்பாள்.

ஐம்பத்துமூன்றாம் வருடம் ஒருநாள் காலை, பஞ்சுக் கிடங்கில் தீ என்று மணி அடித்தது. குவார்ட்டர்ஸில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், அம்மா மதீனா பீவி ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றும்போது குப்பென்று பிடித்துக்கொண்டது. சேலையில் ஏறிய தீ தோளுக்குப் போவதற்குள், பதினோரு வயது ரபியா தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த ஈரச்சாக்கை உருவி அம்மாவைச் சுற்றி, கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். சாக்கைச் சுற்றத் தெரிந்தது அத்தா ஒரு தடவை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்ததால்தான். அதை அவள் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் முகமெல்லாம் கரியாக, கிடங்கு முதலாளி கொடுத்த அல்வாப் பொட்டலத்தோடு அவர் வந்து நின்றார். ரபியா அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாள்தான். ஆனால் பேசாமல் விட்ட ஒன்று இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்து இரண்டு முழங்கைவரை தோல் சுருங்கிப்போனது. திண்டுக்கல் வெயிலில் அது அரித்து எரிந்தது. குளிர்ந்த ஊர் நல்லது என்று டாக்டர் சொன்னதும், முத்து முகம்மது மூன்று வருட சர்வீஸ் பாக்கியிருக்கும்போதே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறினார். கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த மச்சான் ஜமால் முகம்மது கடைக்குப் பின்னால் இரண்டு அறை ஒதுக்கித் தந்தார். மதீனா பீவிக்கு அடுப்பருகே போகவே முடியவில்லை. தீக்குச்சி உரசும் சத்தத்துக்கே உடம்பு நடுங்கும். அதனால் வந்த மறுநாளே அடுப்பை அவர் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் சோற்றுக்கு ஊற்றிய ஆணம் தண்ணியாக ஓடியது. ஒரு வருடத்தில் பஜாரே வாசனை பிடித்தது.

"தீய அணைச்ச ஆளு இப்ப அடுப்ப ஊதுறாரு பாருய்யா," என்று ஜமால் கேலி செய்தால், "இதுக்கும் டிரெய்னிங் வேணும் மச்சான், எளப்பமா நெனைக்காதீக," என்பார். தினமும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவியின் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். இப்படியே பதிமூன்று வருடம். ஒருநாள்கூடத் தவறவில்லை.

ரபியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டிக்கொடுத்துப் பழனிக்குப் போன பிறகும் பார்த்தாள். ஆனாலும் அவர் சட்டையில் புகை வாசனை வந்தால் அவள் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். அறுபத்துநாலாம் வருடம் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தபோது, அவளுக்குப் பத்தியத்துக்குப் பூண்டு வாங்கி வருகிறேன் என்று பூம்பாறைக்குப் போனவர், சாயங்காலம் கருகிய லுங்கியோடு வெறுங்கையாக வந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க போனாலும் ஒங்களுக்குத் தீதான் முக்கியம்," என்றாள். "பூண்டு நாளைக்கு வாங்கியாறேன் தாயி," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அந்த நாளை ரபியா வாய்விட்டுச் சொன்னதும், "அன்னிக்குத்தான் தாயி," என்றாள் குப்பம்மாள். ரபியா இறக்கி வைத்த மூட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினாள். "இவ பெறந்து எட்டு நாளு. எனக்குச் சரியான காச்ச. எந்திரிக்க முடியல. குளிருக்குக் கதவச் சாத்திட்டு உள்ள கெடக்கேன். ஊரு சனமெல்லாம் வயக்காட்டுல. தெருக்கோடி வைக்கப்படப்புல தீப்புடிச்சு, காத்துல கூரை கூரையாத் தாவுது. எங்க வீட்டுக்காரரு, திருமலைச்சாமின்னு பேரு, எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டுப் படப்பு அணைக்க ஓடியாராக. ஒங்க அத்தா தெருவ மறிச்சு ரெண்டு கையயும் விரிச்சு நின்னுட்டாராம். 'ஏலே, கொடத்தக் கீழ வைங்கடா. படப்பு போனாப் போவுது. அவனவன் வெரசா வீட்டுக்குப் போயி ஆளு இருக்கான்னு பாத்துட்டு வாங்க'ன்னு ஒரே சத்தம். எங்க வீட்டுக்காரரு அவர வஞ்சுருக்காரு, தள்ளிக்கூட விட்டுருக்காரு. பாய் அசையலையாம். வந்து கதவத் தொறந்தா உள்ள பொகை. நான் நெனப்பில்லாமக் கெடக்கேன். இவ அழக்கூட இல்ல."

பிள்ளை தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.

"ரெண்டு கூரை போச்சு, படப்பு போச்சு. ஒரு உசுருக்குச் சேதாரமில்ல. எல்லாம் அடங்குன பொறவு எங்க வீட்டுக்காரரு அவரு கால்ல விழுந்துருக்காரு. அப்பச் சொன்னாராம். 'என் கால்ல எதுக்குய்யா விழுற. நான் ஒருநாளு ஊரான் பஞ்ச அணைக்கப் போயிட்டேன். எம் பொஞ்சாதிய எம் மகதான் அணைச்சுக் காப்பாத்துனா. பதினோரு வயசு. இருவத்தஞ்சு வருசத்துல அவள மாதிரி ஒரு ஃபயர்மேன நான் பாக்கல'ன்னு. அந்த மக நீங்கதானே தாயி?"

ரபியா முறத்திலிருந்த அரிசியை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள், மறுபடியும் பரப்பினாள். முன்வாசலில் யாரோ உப்பு கேட்டுக் கத்தினார்கள். அவளுக்கு அது எங்கோ தூரத்தில் கேட்டது.

கணவன் இறந்த துக்கத்துக்கு உள்ளறையில் தனித்து இத்தா இருந்த மதீனா பீவி திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "அந்தப் புள்ளைய உள்ள கூட்டியா ரபியா."

குப்பம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டு, அம்மா அதன் தலையைத் தடவினாள். சுருங்கிய கையைப் பார்த்துப் பிள்ளை பயப்படவில்லை. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"ஒங்களுக்கு இது தெரியுமாம்மா?" என்றாள் ரபியா.

"அன்னிக்கே சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"எத்தன தடவ நானே சொல்லுங்கன்னுருக்கேன். அவரு எதுக்கும் பயப்படாத மனுசன். ஒனக்கு மட்டுந்தான் பயந்தாரு."

ரபியா அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இந்த நாற்பது நாளில் வராத அழுகை அப்போது வந்தது. ஆனால் அதில் கசப்பு இல்லை. அழுதுகொண்டே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. எரிகிற வீட்டுக்குள் நுழைகிற மனிதர், மகளின் ஒரு பேச்சுக்குப் பயந்து கருகிய லுங்கியோடு சத்தமில்லாமல் குளிக்கப் போனதை நினைத்துக்கொண்டாள்.

ஃபாத்திஹா ஓதி முடிந்ததும், குப்பம்மாளும் பிள்ளையும் மதீனா பீவியோடு ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மூன்று மணி பஸ்ஸுக்கு ரபியாதான் அவர்களோடு நடந்தாள். மழை விட்டு, மேட்டுத் தெருவில் இளவெயில் விழுந்திருந்தது. திருமலைச்சாமிக்கு வாழையிலையில் கட்டிய நெய்ச்சோற்றைத் தன் கையாலேயே தூக்கி வந்தாள்.

"ஒரு நாளு எங்க ஊருக்கு வாங்க தாயி. அவரு நின்ன எடத்தக் காட்டுறேன்."

"வாரேன். பெருநாள் முடிஞ்சு புள்ளைகளயும் கூட்டிட்டு வாரேன்."

சும்மா சொல்லவில்லை என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டது. மூச்சுக்காற்று பட்டு அதன் முகம் மறைந்தது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு ரபியாவைப் பார்த்தது. மறுபடியும் மூச்சுவிட, மறுபடியும் மறைந்தது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பி வளைவில் திரும்பும்வரை, அந்த வெள்ளை வட்டம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டும் சிறிதாகிக்கொண்டும் இருந்தது.