கைக்கு எட்டாத தூரம்

செஞ்சி கடைத்தெருவில் வெல்ல மண்டி வைத்திருந்த தனகோட்டிக்கு எப்போதும் கை முந்திக்கொள்ளும், யோசனை சாவகாசமாக வந்து சேரும். ஊருக்கே தெரிந்த சங்கதி இது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு நாய்க்குட்டிக்காக நாலு நாள் மெனக்கெட்டான் என்றால் யார் நம்புவார்கள்?

திங்கட்கிழமை தண்டோரா போட்டார்கள். வெள்ளிக்கிழமை நாய் பிடிக்கிற வண்டி வருகிறதாம். தெருவில் நிற்கிற நாயை இடுக்கியால் கவ்வித் தூக்கிப் போனால் அது திரும்பி வராது. அவன் மகள் ஜெயத்துக்கு எட்டு வயது. அவள் வளர்த்த குட்டியோ, கயிறு போட்டால் கடித்துத் துப்பிவிட்டுத் தெருவுக்கு ஓடுகிற ஜென்மம். ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் பாடினால் கூடவே ஊளையிடும் என்று அதற்குச் சிலோன் என்று பேர் வைத்திருந்தாள்.

"நைனா, கூப்ட்டா ஓடியாற மாதிரி பழக்கிட்டா போதும். நீயும் கூட இரு நைனா."

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் இளையபெருமாள் வழி சொன்னார். "வந்தா ஒரு வாய் குடு, தட்டிக் குடு. கூப்ட்டு மட்டும் அடிச்சிடாத தனகோட்டி. ஒருவாட்டி அடிச்சின்னா அப்புறம் வராது."

"எனக்கின்னா பைத்தியமா?" என்றான் தனகோட்டி.

மண்டி வாசலில் அவன், உள்கோடியில் ஜெயம், நடுவில் குட்டி. "சிலோன், வா!" வந்ததும் நாலு பொட்டுக்கடலை. புதன்கிழமைக்குள் இரண்டு பேரிடமும் வாலைச் சுழற்றிக்கொண்டு பறந்து வந்தது. ஜெயம் கைதட்டிக் குதித்தாள்.

வியாழன் காலை பார்த்தால், அவனுடைய புதுச் செருப்பைக் குதறி வைத்திருந்தது. "சிலோன், வாடா ராஜா" என்று தேனாகக் கூப்பிட்டான். பாவம், கடலை கிடைக்கும் என்று நம்பித்தான் அது ஓடி வந்தது. பிய்ந்த செருப்பாலேயே ஒன்று வைத்தான். கதவோரம் நின்று பார்த்த ஜெயம் குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. ஜெயம் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அறுந்த கயிறு மட்டும் வாசலில் கிடந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாய்கள் அலறின. வண்டி வந்துவிட்டது!

எதிர்ச்சாரியில் சிலோன் நின்றது. "வாடா, வாடா" என்று கெஞ்சினான். கடலையை அள்ளி நீட்டினான். ஒரு கை தூரம் வரை வந்தது, நின்றது, பின்வாங்கியது. எட்டிப் பிடிக்கப் போனால் இன்னும் விலகியது. குட்டி போய்விட்டால் இனி மகள் தன் முகத்தில் முழிப்பாளா என்ற பயத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்று, "ஜெயம், வாம்மா கண்ணு" என்றான்.

வந்தாள். ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள். கண் அவன் முகத்தில் இல்லை, வலது கையில் இருந்தது.

அடக் கடவுளே! இவளையும் இப்படிக் கூப்பிட்டு எத்தனை தடவை அடித்திருக்கிறான்! இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அடிக்க மாட்டேன்மா. சிலோன் தெருவுல நிக்குது, நான் கூப்ட்டா வர மாட்டேங்குது. நீ வந்து கூப்டு."

இருவரும் ஓடி வந்தபோது வண்டி மண்டிக்கு நாலு கடை தள்ளி நின்றது. இடுக்கியோடு ஒருவன் குட்டியை நெருங்கிக்கொண்டிருந்தான். "சிலோன், வா!" ஜெயத்தின் குரல் உடைந்தது. இடுக்கிக்காரன் காலிடுக்கில் புகுந்து வந்து அவள் கையில் தாவியது குட்டி. "எங்க நாய்தான்யா, உட்ரு" என்று தனகோட்டி கையெடுத்துக் கும்பிட்டான். வண்டி நகர்ந்தது.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான். ஜெயம் குட்டியை அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். வேட்டி மடியில் மிச்சமிருந்த கடலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் நடுத்தெருவிலேயே குந்தினான். குட்டியும் வரவில்லை, மகளும் வரவில்லை. வெல்லம் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"பரவால்ல கண்ணு" என்றான். "மெதுவா வாங்க ரெண்டு பேரும். நான் இங்கதான் இருக்கேன்."