கொமெதி கொட்டகையின் கடல்

1988 மாசி மாதம் காரைக்கால் கொமெதி கொட்டகையின் மேடையில் படகேறிப் போன நூகு, அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அந்த மேடையின் பின்னால் தொங்கிய கடல் படுதாவிலேயே இருந்தார். படுதா கெட்டிக் காடாத் துணி. கரையோரம் நாலு தென்னை, ஒரு நண்டு, மீதியெல்லாம் நீலம். அந்த நீலத்தில் பாய் விரித்த ஒரு படகு நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்காதவர்கள் ஊரில் குறைவு. நாடகம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு விசாரித்தால், "அது நம்ம நூகுங்க, பயணத்துல இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் மீன் விலையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்.

கொட்டகையைக் கட்டியவர் சைகோனில் சம்பாதித்துத் திரும்பிய சந்தனசாமி. பிரெஞ்சுக்காரன் காலம் அது. துரைமாரை மகிழ்விக்க, நாடகத்துக்குப் பிரெஞ்சில் உள்ள 'கொமெதி' என்ற சொல்லையே வாசலில் பெயராக எழுதி, முதல் நாடகத்தையும் பிரெஞ்சிலேயே போட்டார். நடித்தவர்களுக்கும் புரியவில்லை, பார்த்தவர்களுக்கும் புரியவில்லை. துரை ஒருவர் மட்டும் ஊர் ஞாபகம் வந்து தேம்பித் தேம்பி அழுதார். அவர் உட்கார்ந்த நாற்காலி கடைசி வரை காயவே இல்லை, அதற்கு டிக்கெட் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்துப் புகழ் பெற்றது ஒரு வள்ளல் ராஜா கதை. ராஜாவாக நடித்த மளிகைக்காரர் மேடையில் எதையெல்லாம் தானம் செய்தாரோ அதெல்லாம் அவர் வீட்டு அலமாரியிலிருந்தும் காணாமல் போனது. மூன்றாவது ஆட்டத்தில் அவர் மனைவி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து முறைத்ததால், ராஜா அன்று ஒரு வாழைப்பழத்தோடு தானத்தை முடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட கொட்டகையில் படகு விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

திருமலைராயன்பட்டினத்து இளவட்டங்கள் போட்ட நாடகம் அது. கல்யாணமான கையோடு கப்பலேறும் மாப்பிள்ளை கடைசிக் காட்சியில் திரும்பி வருவான், அவ்வளவுதான் கதை. மாப்பிள்ளையாகத் தையல்காரர் நூகு. மனைவி வேஷம் ரிஃபாய்க்கு, அவர்தான் மீசை இல்லாதவர். தச்சரிடம் சொல்லி நிஜப் படகு மாதிரியே ஒன்று செய்து சக்கரம் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து பாத்திஹா ஓதாமல் ஒரு மரக்கலத்தையும் தண்ணீரில் இறக்காத குடும்பங்கள். வரைந்த தண்ணீர் என்றாலும் தண்ணீர்தானே என்று நினைத்துவிட்டார்கள். லெப்பையை அழைத்து வந்து, ஊதுபத்தி ஏற்றி, பயணத்துக்கு உண்டான துஆ எல்லாம் மேடையிலேயே கேட்டார்கள். நல்ல காற்று கேட்டார்கள், நல்ல நீரோட்டம் கேட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது. மறுநாள் மாலை நூகு படகில் ஏறி, "போயிட்டு வர்றேன்" என்று வசனம் சொன்னதும் படுதாவிலிருந்து காற்று வீசியது, பாய் உப்பியது, படகு சக்கரத்தைக் கழற்றி மேடையிலேயே விட்டுவிட்டு நீலத்துக்குள் போய்விட்டது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. மாடியில் பெண்கள் பக்கம் மரத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நூகுவின் மனைவி சுஹைனாவும் கைதட்டினார். அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கடைசிக் காட்சிக்கு ரிஃபாய் சேலையைப் பிடித்துக்கொண்டு கரையில் வெகுநேரம் நின்றார். பிறகு திரையை இறக்கிவிட்டார்கள். சுஹைனாவின் வாப்பா லெப்பையிடம் போய்ச் சத்தம் போட்டார். லெப்பை, "போறதுக்கும் ஓதுனேன், வர்றதுக்கும் ஓதுனேன். என்னைக்கு வரணும்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல" என்றார். அது நியாயமாகவும் இருந்தது, ஒன்றுக்கும் உதவாததாகவும் இருந்தது.

படகு எப்போது நகர்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் சுஹைனாதான். முன்னால் நாடகம் நடந்தால்தான் படுதாவில் கடல் ஓடும். கொட்டகை பூட்டிக் கிடந்தால் அலையும் அப்படியே நிற்கும், நூகுவும் துடுப்பைத் தூக்கியபடி நிற்பார். நாடகம் இல்லாவிட்டால் புருஷன் இல்லை என்று ஆகிவிட்டது. நூகுவின் தையல் மிஷினில் தானே உட்கார்ந்து, எந்த ஊர்க் குழு வந்தாலும் ராஜா உடுப்பு, சேவகன் உடுப்பு எல்லாம் தைத்துக் கொடுத்தார். கூலியெல்லாம் இருக்கட்டும், நாடகம் மட்டும் போடுங்கள் என்பார். சிரிப்பு நாடகத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது அவர் பின்னால் போகும் சின்னப் பாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஒவ்வொரு நாடகத்துக்கும் இன்னும் சின்னதாகிக்கொண்டே போனது. தூரப் போகிறவர்தானே ஒருநாள் திரும்புவார் என்று வாயால் சொன்னாலும், வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு தவக் காலத்தில் போட்ட பாஸ்கு நாடகத்தால் பெரிய சங்கடம் வந்தது. சந்தனசாமியின் மகன் ஆரோக்கியஜோசப் இயேசு ஆண்டவராக நடித்தார். புயலை அதட்டி அடக்கும் காட்சியில் அவர் கையை உயர்த்தியதும் படுதாவில் காற்று சுத்தமாக நின்றுபோனது. அதன்பின் எத்தனை நாடகம் போட்டும் நூகுவின் பாய் காயப்போட்ட துணி போலத் தொங்கியது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த சுஹைனா ஆரோக்கியஜோசப் வீட்டுக்கே போனார்.

"சார், நீங்க நிறுத்துன காத்த நீங்கதான் உடணும்."

"வேதத்துல அப்படி எடமே இல்லியேம்மா" என்று ஆரோக்கியஜோசப் தலையைச் சொறிந்தார். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, நாடகத்தில் செய்தால் தப்பு, ஒத்திகையில் செய்தால் அவ்வளவாகத் தப்பில்லை என்றார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அங்கியும் ஒட்டுத்தாடியுமாக ஆரோக்கியஜோசப் படுதா முன்னால் நின்று, "சரி, வீசு" என்றார். வீசிய வீச்சில் தாடி பால்கனிக்குப் போனது.

பிறகு சுனாமி வந்தது. அதைப் பற்றிக் காரைக்காலில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கருக்களாச்சேரியில் தப்பியவர்களில் பல குடும்பங்களைக் கொட்டகையில் தங்கவைத்தார்கள். சோற்றுப் பொட்டலத்தோடு போன சுஹைனாவின் கையைப் பூங்காவனம் என்ற பெண் பிடித்துக்கொண்டார். புருஷனையும் மகனையும் அலைக்குக் கொடுத்தவர் அவர். "யக்கா, இந்தத் தண்ணி மொகத்துல முழிக்க முடியலக்கா" என்றார். சுஹைனா பொட்டலங்களைக் கீழே வைத்தார். ஏணியைப் போட்டு ஏறி, நாலு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படுதாவைச் சுவர் பார்க்கத் திருப்பிக் கட்டினார். கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்தார். நூகு அப்போது அரிசிமணி அளவு இருந்தார்.

சனங்கள் தற்காலிகக் குடிசைகளுக்குப் போன பின்னும் படுதாவைத் திருப்பும்படி சுஹைனா யாரிடமும் கேட்கவில்லை. வெறும் துணியின் முதுகுக்கு முன்னால் நாடகங்கள் நடந்தன. உள்ளே படகு இருக்கிறதா கவிழ்ந்ததா என்று தெரியாமலே அவற்றையெல்லாம் அவர் பார்த்தார். வருடம் திரும்பியதும் பூங்காவனம் தன் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்காளுங்க வரமாட்டாங்க. ஒங்காளு வர்றவரு. வரட்டும்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். படுதா திரும்பியபோது படகின் முகம் கரையைப் பார்த்து இருந்தது. அந்தப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து அழுதார்கள், யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி.

அதன்பின் படகு வந்துகொண்டே இருந்தது, நாடகங்கள்தான் வருவதை நிறுத்தின. டிவி போதாதென்று செல்போனும் வந்துவிட்டது. ரிஃபாய் குவைத்துக்குப் போனார். வருடத்துக்கு ஒரு பள்ளி ஆண்டு விழா கிடைத்தால் பெரிய காரியம். அதிலும் ஒருமுறை பட்டாம்பூச்சி வேஷம் கட்டிய பிள்ளைகள் வசனத்தை மறந்து முழிக்க, படகும் கூடவே முழித்துக்கொண்டு நின்றது. போன வருடம் ஆரோக்கியஜோசப்பின் மகள் ஆன்லின் பிரான்சிலிருந்து வந்து, கொட்டகையைக் கல்யாண மகாலாக மாற்றப்போவதாகச் சொன்னார். கெட்ட பெண் இல்லை. கூரை ஒழுகியது, அவ்வளவுதான். "ஒரே ஒரு நாடகம் போட்டுக்கங்க ஆன்ட்டி, அப்புறம் வேலைய ஆரம்பிக்கிறேன்" என்றார். அப்போது நூகுவின் லுங்கியில் இருந்த கட்டம்கூடத் தெரியும் அளவுக்குப் படகு பக்கத்தில் வந்திருந்தது. சுஹைனா நாகூர் வரை அலைந்தும் ஒரு குழு சிக்கவில்லை.

"நீங்களே ஏறுங்கக்கா" என்றார் பூங்காவனம்.

"எனக்கு என்ன பயம்னா பூங்காவனம், அவுங்க போனப்ப மாதிரி அப்படியே இருக்காங்க. என்னைப் பாத்து யாருன்னு கேட்டா நான் என்ன செய்வேன்?"

"கேட்டா பேரச் சொல்லுங்க."

அந்த மேடையில் அதற்கு முன் ஊர்ப் பெண் யாரும் நடிக்க ஏறியதில்லை. ஜமாஅத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாதிப் பேர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். சுஹைனா வெள்ளைத் துப்பட்டியோடு கரையில் போய் நின்றார். அவருக்குத் தெரிந்தது அந்தக் கடைசிக் காட்சி ஒன்றுதான், நூகு வீட்டில் ஒத்திகை பார்த்தபோது ரிஃபாயின் வசனத்தை இவர்தான் சொல்வார். காத்திருப்பதாக நடிக்க வேண்டும். அதில் அவருக்குச் சிரமம் எதுவும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படகின் அடி மணலில் உரசும் சத்தம் கேட்டது.

நூகு இறங்கினார். இருபத்தெட்டு வயசு, முழங்கால் வரை ஈரம். சுஹைனாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானது.

"என்ன புள்ள, ரிஃபாய் எங்க? நீ ஏன் மேடை ஏறுன? தலையில இவ்ளோ பவுடரு எதுக்கு? இந்தக் கதையில கெழவியே கெடயாதே."

சுஹைனா வசனத்தைச் சொன்னார்: "வந்துட்டீங்களா?"

நூகு தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து, அவர் நெற்றிக்கு மேல் முடியைத் துடைத்துவிட்டார். வெள்ளை போகவில்லை. இன்னொரு முறை, மெதுவாக, பக்கத்தில் வந்து துடைத்தார். பிறகு துண்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"ரொம்ப நேரமாக்கிட்டேனா?" என்று கேட்டார்.

"ஆமா மச்சான்" என்றார் சுஹைனா. "சாப்புட்டீங்களா?"

இப்போது இருவரும் கோவில்பத்தில் குடியிருக்கிறார்கள். நூகு பைக்கில் டவுனுக்குப் போய்த் தையல் கடையில் வேலை பார்க்கிறார். புதிதாக வந்தவர்கள் அம்மா சௌக்கியமா என்று கேட்டால், "அம்மா இல்லீங்க, ஊட்டுக்காரி" என்று திருத்துவார். அவர்களும் சரிங்க என்று சொல்லிவிட்டு அளவு கொடுத்துப் போவார்கள். தினம் காலையில் சுஹைனா அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். போன வாரம் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு நரை முடியைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சேமியா பாயசம் கொடுத்தார்கள்.