எப்போதும் சிவந்திருக்கும் கடல்

இராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தியப் பெருங்கடலுக்குக் காய்ச்சல் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். தொலைபேசி நிலைய வேலையில் ஓய்வு பெற்றபின் வேறென்ன சோலி? செல்போனில் வரும் கடல் வெப்பப் படம் சிவந்திருந்தால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போய்ச் சேருவதற்குள் அத்தனை பேருக்கும் வெள்ளப் பயம் காட்டிவிடுவேன்.

இந்தப் புரட்டாசியில் கடல் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது. "மதினி, மழை கொட்டப்போகுது. ஆலங்குளம் கண்மாயில கப்பல் விடலாம்" என்றேன். அண்ணன் மனைவி பரிபூரணம் அதை நம்பிப் புழுதி விதைப்புக்கு டிராக்டர் சொல்லிவிட்டாள்.

கரிசலில் அப்படித்தான். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைத் தூவி உழுதுவிட வேண்டும். நனைந்தால் டிராக்டர் இறங்காது. அரைகுறைத் தூறலோடு வானம் நின்றுபோனாலோ முளைத்ததெல்லாம் கருகிவிடும். மதினியிடம் இருந்தது ஒரே மூட்டை இருங்குச்சோளம். வீட்டு விதை. போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மதினி முன்னால் தூவிக்கொண்டு போக, டிராக்டர் பின்னால் உழுது மூடிக்கொண்டு வந்தது. வரப்பில் நின்ற என்னிடம் டிரைவர் வல்லரசு கத்தினான்.

"அண்ணாச்சி, மாட்டுக்கு வைக்கல்கூட இல்லாமக் கெடந்தமே, அந்த வருசமும் இதே செவப்பத்தான காட்டுனீய?"

"அது வேற செவப்புலே!"

நிரூபிக்கப் பழைய படங்களைத் தேடினேன். போன வருடம் சிவப்பு. அதற்கு முந்தியதும் சிவப்பு. அந்த வறட்சி வருடம், அச்சாக இதே சிவப்பு!

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் அடியில் பொடி எழுத்து: பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிட்ட நிறமாம். அன்றிலிருந்து கடல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்தத்தில் சூடேறிக்கொண்டே வந்திருக்கிறது. இனி எந்த வருடம் பார்த்தாலும் சிவப்புத்தான். மழைக்குப் பார்க்க வேண்டியது, கடலின் மேற்குப் பக்கம் கிழக்கைவிடச் சுடுகிறதா என்று. இந்த வருடப் படத்திலோ இரண்டு பக்கமும் ஒரே நிறம்.

"மதினி, நிறுத்துங்க! தூவாதீங்க!"

"போங்க கொழுந்தனாரே. ஓணானப் பாத்துட்டு மொதலைன்னு ஊரக் கூட்டுன ஆளுதான நீங்க?" கை நிற்கவில்லை.

ஓடிப்போய் டிராக்டரை மறித்தேன். சக்கரம் என் பெருவிரலை முத்தமிட்டு நின்றது. ஒரு கஜம் தள்ளித்தான், இருந்தாலும்.

மதினி திரும்பினாள். மூட்டையில் பாதிதான் மிச்சம். "மழை வருமா, வராதா? ஒண்ணு சொல்லுங்க!"

பெரிதாய் எதையாவது அவிழ்த்துவிடத் தேடினேன். வரவில்லை.

"தெரியல, மதினி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஒங்க வாயில இந்தச் சொல்ல நான் கேட்டதே இல்லியே." மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். "ஏலே வல்லரசு, தூவுனத மட்டும் மூடிட்டுப் போ."

மறுநாள் தூறியது. முளை பச்சை காட்டியது. பிறகு வெயில், வெயில், ஒரே வெயில். கருகிய முளைகளைப் பிடுங்கி என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள் மதினி.

ஐப்பசிக் கடைசியில்தான் மழை இறங்கியது. சேற்றில் டிராக்டர் இறங்காது. குச்சியால் குழி போட்டு மிச்ச விதையைக் கையால் ஊன்றினோம். நான் போட்டது மட்டும் ஒரு லட்சம் குழி.

"ரெண்டு வரிசை" என்கிறாள் மதினி. "அதுக்கே இடுப்பப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாக."