இரண்டாவது வாளி

விடியலுக்கு முன்பே அந்த ஏற்றம் தொடங்கிவிடும். கீழே கொதிகலன், மேலே மேட்டில் வரிசையாகக் கான்வாஸ் கூடாரங்கள். கைக்கொரு கேன் வெந்நீரோடு சந்திரவதனா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கேனின் கம்பி விரல்களை அறுத்தது. நீராவி மணிக்கட்டைச் சுட்டது. யூகலிப்டஸ் சருகு காலடியில் வழுக்கியது. வழுக்கினாலும் சத்தம் வரக்கூடாது. விருந்தினர் உறங்குகிறார்கள், காண்டாமிருகமும் உறங்குகிறது.

ஆப்பிரிக்காவுக்குப் பறக்க நேரமில்லாத சிட்னிப் பணக்காரர்களுக்காக ஒற்றைக் காண்டாமிருகத்தை வைத்துச் சடகோபன் கட்டிய சஃபாரி முகாம் அது. சென்னையிலிருந்து மாணவராக வந்து, வீடு வாங்கி விற்றுப் பெருத்தவர். ஒருமுறை கென்யாவில் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு இயற்கையின்மேல் அன்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முகாமில் தண்ணீர்க் குழாய் கிடையாது. மண்ணைத் தோண்டினால் மரங்களின் வேர் நோகுமாம். சுமக்கிறவர்களின் தோள் நோவதைப் பற்றி அவர் யாரிடமும் விசாரித்ததில்லை.

குளியலும் கென்யா முறைதான். கூடாரத்தின் பின்னால் கயிற்றில் ஒரு வாளி தொங்கும். முதல் வாளித் தண்ணீரில் உடம்பை நனைத்துச் சோப்புப் போட்டுக்கொண்டு விருந்தினர் உள்ளிருந்து மணியடிப்பார். வெளியே நிற்பவர் வாளியை இறக்கி, நிரப்பி, மறுபடி மேலே இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டாவது வாளியில்தான் சோப்புப் போகும்.

கயிறு நைந்துவிட்டது என்று, பெரிய கூடாரத்துக்கு வாளி இழுக்கும் நாகலட்சுமி சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். "நைலான் கட்டினா லுக்கே போயிடும்கா. கென்யாலேர்ந்து கயிறு வருது, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார் சடகோபன். கென்யாக் கயிறு வருவதற்குள் இந்தக் கயிறு அறுந்தது. வாளி வெந்நீர் முழுவதும் அவள் கழுத்திலும் இடது தோளிலும் கொட்டியது. அவள் கத்தவில்லை. சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சுருண்டாள். சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லி அவர்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர் தண்ணீர் வரவில்லையென்று மறுபடி மணியடித்தார். அந்த மணியைச் சந்திரவதனாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் அழைக்கவில்லை. சைரன் கேட்டால் காண்டாமிருகம் மிரளுமாம். அதன் காலில் புண் வந்தபோது மட்டும் மிருக வைத்தியர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக் கிடந்தார்! சடகோபன் தன் காரிலேயே நாகலட்சுமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சந்திரவதனாவும் கூடப் போனாள்.

"அக்கா, வீட்ல கஞ்சி வடிக்கறப்போ கொட்டிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. உங்களுக்கு விசா இழுபறியில இருக்கு, எதுக்கு வம்பு? நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார் அவர் வழியில்.

விசா என்ற சொல்லைக் கேட்டதும் நாகலட்சுமிக்கு எரிவுகூட மறந்துபோயிற்று. அவர் சொன்னபடியே சொன்னாள். புண் ஆறுமுன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மருந்துச் செலவைக் கேட்டதற்கு, "வீட்ல சுட்டுக்கிட்டதுக்கு நான் என்னங்க பண்றது?" என்றார். இதுதான் அந்தக் குடும்பம்.

சிட்னியின் கிரவீனில், நாகலட்சுமியின் அறையில் முகாம் வேலைக்காரர்கள் கூடினார்கள். சந்திரவதனாவின் உடம்பெல்லாம் பழிவெறி கொதித்தது.

"அடுத்த கிழமை காண்டாமிருகத்துக்கு நன்கொடை குடுக்கிற ஆக்கள் வந்து தங்கினம். அந்தாளும் தங்குது. நான் கொதிக்கக் கொதிக்கத் தூக்கி அவற்ற தலையில ஊத்துவன். ஊத்தாட்டி எனக்குச் சோறு இறங்காது!"

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் உமைர் தலையை ஆட்டினார். "ஊத்தினா அவரு பாவம், நாம குற்றவாளி. வேணாம் தங்கச்சி. ஊத்தாம விடுவம்."

"ஊத்தாம விட்டா?"

"முதல் வாளிய ஊத்துவம். ரெண்டாவத ஊத்தமாட்டம்."

மூலையில் இருந்த, அவர்களோடு தண்ணீர் சுமக்கும் மயூரா முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நாகலட்சுமியைத் தவிர. "எனக்காக உங்கட வேலையும் போகப்போகுது" என்றாள் அவள்.

"கயிறு எல்லாற்ற தலைக்கு மேலயும்தானே அக்கா தொங்குது" என்றாள் மயூரா.

நன்கொடையாளர்கள் வந்து தங்கிய மறுநாள் காலையில் நாகலட்சுமியும் கட்டுப்போட்ட கழுத்தோடு முகாம் வேனில் ஏறி வந்தாள். முதல் வாளிகள் ஏறின. இதமான சூடு, குறையே சொல்ல முடியாது. கூடாரங்களுக்குள் பாட்டும் சீழ்க்கையும் கேட்டன. பிறகு ஒரு மணி அடித்தது. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மேடு முழுவதும் கோயில் திருவிழாப்போல மணியோசை. ஒருவரும் அசையவில்லை. உமைர் கொதிகலனின் எரிவாயுவை மூடினார். வேலைக்காரர் அத்தனை பேரும் அதன் முன்னால் வந்து நின்றார்கள்.

பெரிய கூடாரத்திலிருந்து சடகோபன் இறங்கி வந்தார். இடுப்பில் துவாய், தலைமுழுக்கச் சோப்பு, ஒரு கண் மூடியபடி. அவர் பின்னால் விருந்தினர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள்.

"என்ன இது? தண்ணி எங்க?"

"இருக்கு சேர்" என்றாள் சந்திரவதனா. "நாகலட்சுமி அக்காவுக்கு எங்க சுட்டதெண்டு இவையளுக்கு முன்னால சொல்லுங்கோ."

"முதல்ல தண்ணி ஊத்துங்க, அப்புறம் பேசிக்கலாம்."

"பேசிப்போட்டு ஊத்துவம்."

"யாரு உங்களைத் தூண்டி விட்டது? எல்லாரையும் இன்னிக்கே அனுப்பிடுவேன், தெரியும்ல?"

"அனுப்புங்கோ. நாளைக்கு இந்த மேட்டில ஆர் தண்ணி காவுறது? நீங்களோ?"

அவர் வீம்பாக, கொதிகலனருகே நிரம்பி நின்ற ஒரு கேனைத் தூக்கினார். சில அடி ஏறுவதற்குள் வெந்நீர் தளும்பி அவர் பாதத்தில் விழுந்தது. காடே அதிரும்படி கத்தினார். சந்திரவதனாவின் நெஞ்சு குளிர்ந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. துளிதான் அது, துளிக்கே இந்தக் கத்தல்.

துவாயோடு இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நாகலட்சுமியின் கட்டைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டாள். "வீட்டில் நடந்த விபத்து" என்று சடகோபன் அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னார்.

நாகலட்சுமி முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "வீட்டில இல்ல. இஞ்ச. இந்தாளின்ர வாளி" என்றாள். பிறகு தன் ஆட்களிடம் திரும்பினாள். "டொக்டருக்குப் பொய் சொல்லிப்போட்டன். இப்பவே போய் மாத்திச் சொல்லப்போறன். விசா என்னவெண்டாலும் ஆகட்டும்."

"தனியப் போகாதீங்க. நாங்க கண்ணால பாத்த சாட்சி, எல்லாரும் வாறம்" என்றார் உமைர்.

"வேனை எடுக்கக்கூடாது!" என்று சடகோபன் கூவினார்.

வேனை யாரும் கேட்கவில்லை. நாகலட்சுமியை நடுவில் விட்டு, எல்லோருமாகச் செம்மண் பாதையில் பஸ் தரிப்பை நோக்கி இறங்கினார்கள். நாளைக்கு வேலை இருக்குமா, டாக்டர் நம்புவாரா, ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் சந்திரவதனா ஒருமுறை நின்று ஆசைதீரத் திரும்பிப் பார்த்தாள். மேட்டில் முதலாளியின் தலையில் சோப்புக் காய்ந்துகொண்டிருந்தது.