பாலத்துக் காட்சிக்கு ஒரு குரல்

முதல் படம் ஓடும்போதே யசுஜி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். மனைவி தொஷியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க. இது சினிமா, காபுகி இல்ல."

ஒசாகாவின் அந்தச் சின்னத் திரையரங்கில் அன்று மதியம் ஒரே காட்சியை மூன்று படங்களிலிருந்து போட்டார்கள். காபுகி மேடையின் பழைய நாடகம் ஒன்றில் வரும் காட்சி. எஜமானனுக்குப் பதிலாகச் சாகப்போகும் கணவனை மனைவி பாலத்தில் வழியனுப்புகிறாள். காவலன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அழுதால் ஆள்மாறாட்டம் தெரிந்துவிடும், அழக்கூடாது. குடையை நீட்டிவிட்டுச் சிரிக்க வேண்டும். மூன்றாவது படம் இவர்கள் மகள் சிகுசா எடுத்தது.

யசுஜி ஊறுகாய்க் கடைக்காரர்தான். ஆனால் காபுகி அரங்கில் அவர் மதிப்பே வேறு. நடிகன் உச்சத்தில் அசையாமல் நிற்கும் நொடியில், மேல்தளத்துக் கடைசி வரிசையிலிருந்து அவனுடைய வம்சப் பெயரைக் கூவும் சிலரில் அவர் ஒருவர். ஒரு மூச்சு முந்தினால் காட்சி பாழ், பிந்தினால் மானம் போய்விடும். அது ஆண்கள் வேலை. தொஷியே பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் சப்பியதோடு சரி. சினிமா எடுக்கப் போகிறேன் என்று மகள் சொன்னதும், "உயிரில்லாத திரைக்கு எவன்டி கூவுவான்?" என்று கத்தியவர், பிறகு அவளோடு பேசவேயில்லை. போன வாரம் சிகுசா போனில் சொன்னாள்: "அப்பாவுக்குன்னு ஒரு இடம் விட்டிருக்கேம்மா. பாத்தா அவருக்கே தெரியும். கூவிட்டாருன்னா நான் வீட்டுக்கு வந்துடுவேன்." தொஷியே இதைக் கணவரிடம் சொல்லவில்லை. கேட்டு வாங்கினால் அது குரலா என்ன?

முதல் படத்தில், காபுகி வழக்கப்படி, ஆண் மேடை நடிகர் ஒருவரே மனைவியாக வந்தார். குடையை நீட்டி, கழுத்தைத் திருப்பி நின்றார். யசுஜியின் உதடு தானாகவே வம்சப் பெயரை முணுமுணுத்தது. இரண்டாவது படம் வண்ணத்தில். மழை, வயலின், மனைவியின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். "காவக்காரன் என்ன குருடனா?" என்றார் யசுஜி, சத்தமாகவே. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவதில் இசையே இல்லை. பேர் தெரியாத ஒரு பெண் குடையை நீட்டினாள். கணவன் வாங்கிக்கொண்டான். அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. மறுபடியும் பார்த்தாள், வந்தது. அப்படியே நின்றாள். கேமராவும் நின்றது.

இதுதான் அந்த இடம் என்று தொஷியேவுக்கே தெரிந்தது. யசுஜி மூச்சை இழுத்து முதுகை நிமிர்த்தினார். சத்தம் வரவில்லை. தொஷியே அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது, முகமெல்லாம் ஈரம்.

"முடியலடி," என்றார், தொண்டைக்குள்ளேயே.

சுவரோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த சிகுசா தலையைக் குனிந்துகொண்டாள். தொஷியே அதைப் பார்த்தாள். நொடி போய்க்கொண்டிருந்தது. திரையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வம்சப் பெயர் ஏது, எதைக் கூவுவது?

"மசுயா!"

கூவியது அவள்தான். வாயில் வந்தது அவர்கள் கடைப் பெயர், மகளுக்கு வம்சப் பெயர் என்றால் அதுதான். குரல் பாதியில் உடைந்து கீச்சிட்டது. அரங்கமே திரும்பிப் பார்த்தது.

யசுஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பிந்திட்ட," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சிகுசா புரொஜெக்டர் ஒளியை மறைக்காமல் குனிந்து வர மறந்து, வரிசைகளுக்கு நடுவே நேராக அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். திரையில் பாலத்தின் மேல், இன்னும் சிரித்தபடி நிற்கும் அந்தப் பெண்ணின் பக்கத்தில், சிகுசாவின் நிழல் விழுந்தது.