முக்காலிக்கு ஆயில் மாற்றிய ஞாயிறு

வீடு வீடாகப் போய்க் காயத்துக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு காலூன்றித் தாங்க வேண்டிய இரு சக்கர வண்டி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வாங்கினாள். பக்கத்து வீட்டிலிருந்த அவள் அண்ணன் பார்த்த அன்றே அதற்கு ‘முக்காலி’ என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன் பராமரிப்பு முழுக்க அவள் கையில்தான். அவள் கணவர் தையல்காரர். போன வருஷம் உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, மரையையே வீணாக்கிவிட்டார். அன்றிலிருந்து கேட்டதை எடுத்துக் கொடுப்பதோடு சரி.

ரெண்டு வாரமாகக் கியர் சட்டென்று விழாமல் அடம்பிடித்தது. ஞாயிறு காலை அவள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, கியருக்கும் சேர்த்து ஓடும் எஞ்சின் ஆயிலை வடித்தாள். கஷாயம் மாதிரி கறுப்பாக இறங்கியது. பழைய ஃபில்டரை உருவி எடுத்துவிட்டு, புதியதை அதன் ரப்பர் வளையத்தோடு பொருத்தி மூடினாள். புனல் வைத்து அளவாக ஆயிலை ஊற்றினாள்.

கழற்றியதையெல்லாம் ஒரு தட்டில் சேர்த்துக்கொண்டிருந்த தையல்காரருக்குக் கணக்கு உதைத்தது. துணியில் குத்திய குண்டூசியை எண்ணி எடுத்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற மனுஷர் அவர். பழைய ஃபில்டர் இருக்கிறது. பழைய வளையம் இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினார்.

“ஏம்மா, பழைய ரப்பர் வளையம் எங்க?”

“ஃபில்டரோட வந்திருக்கும்.”

“வரலையே. தட்டுல இல்ல.”

“எங்கயாவது உருண்டு போயிருக்கும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஸ்டார்ட் பண்ணணும்.”

அவர் தள்ளி நின்றார். ஆனால் கண் மட்டும் அடியில் விரித்திருந்த அட்டையை விட்டு நகரவில்லை. எஞ்சின் ஓடிய சற்று நேரத்தில் மூடியோரம் பளபளத்தது. ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

மதில் மேலிருந்து அண்ணன் எட்டிப்பார்த்தான். “என்ன மாப்பிள்ளை, முக்காலி மூச்சா போகுது?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, ஊற்றிய ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் திரும்ப வடித்தாள். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். வளையம் உட்காரும் பள்ளத்துக்குள் பழையது நசுங்கி, இரும்போடு இரும்பாகப் படிந்து கிடந்தது. அதன் மேலேயே புதியதை வைத்து அழுத்தியிருக்கிறாள்.

திருப்புளியை எடுத்தவளை அவர் தடுத்தார்.

“அது வேணாம், கீறிடும். இரு, வரேன்.”

உள்ளே போய்ச் சட்டைக் காலரின் முனையைத் தள்ளும் மூங்கில் குச்சியோடு வந்தார். அவள் வாங்கிக்கொள்ளாமல் டார்ச்சை மட்டும் சாய்த்துப் பிடித்தாள். அவரே குனிந்து, தையல் பிரிக்கிற பொறுமையோடு நெம்பினார். வளையம் முழுசாக வெளியே வந்தது.

“இதோட நாளைக்குக் கிளம்பியிருந்தா, வழியில ஆயில் பூரா டயர்ல கொட்டியிருக்கும்,” என்றாள். பழைய வளையத்தைத் தட்டில் போட்டுவிட்டு, “நீங்க கேட்டப்பவே பாத்திருக்கணும்” என்றாள்.

அவருக்குப் பெருமை வரவில்லை. அவள் தினமும் இறங்கும் மேம்பாலச் சரிவுதான் கண்முன் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, “சரி விடு, இப்ப மூடு” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் கிளம்பிப் போனதும் வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. செவ்வாயும் பார்த்தார், புதனும் பார்த்தார். வியாழக்கிழமை ஒரு கல்யாணத் துணி அவசரமாக வந்து சேர்ந்தது. பார்க்க மறந்தே போனார்.