பலூன் சுருங்கிய பிறகு

இதயத்தின் இரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்க, டாக்டர் அதற்குள் பலூனை ஊதினார். மேஜையில் படுத்திருந்தவர் நர்ஸின் சொந்த அண்ணன். "வேற யாராச்சும் நிக்கட்டும்மா" என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் அவளே நின்றாள்.

ஊதிய பலூன் கொஞ்ச நேரம் இரத்தத்தை முழுவதுமாக மறிக்கும். அதுவரை வாய் ஓயாமல் கேலி பேசிய அண்ணன் சட்டென்று அடங்கிப்போனார். திரையில் இதயத் துடிப்பைக் காட்டும் கோடு மேலே எழும்பியது.

டாக்டர் பலூனைச் சுருக்கினார். கோடு இறங்கும் என்று பார்த்தால், அகலமான அலைகளாக மாறி ஓடத் தொடங்கியது. எத்தனையோ நோயாளிகளிடம் வந்து அடங்கியதை அவள் பார்த்த அலைகள்தான். ஆனாலும் அவள் கை நெஞ்சில் மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவிக்குத் தாவியது.

"கையை எடும்மா!" டாக்டர் அதட்டினார். "பிரஷர் நல்லாத்தான் இருக்கு. பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்புது, அதான் இந்த ஆட்டம். தானா அடங்கும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அலைகள் குறுகின. வழக்கமான துடிப்பு ஒவ்வொன்றாகத் திரும்பியது.

"ஏண்டி," அண்ணனின் குரல் ஈனமாக வந்தது. "படுத்திருக்கிறது நானா, நீயா? உன் முழியைப் பார்த்துத்தான் எனக்கு உயிரே போச்சு."

அவர் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை.